சோதினைக்குப் போனவன்

ஒன்பது விநாடி. ஹெட்போனில் அந்த இடத்தை முதன்முறை கேட்டபோது என் விரல்கள் கீபோர்டின் மேல் தயாராகக் காத்திருந்தன. திரையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். "காலமை சோதினைக்குப் போனவன். பிறகு வரேல்லை. பிடிச்சுக்கொண்டு போட்டினம்" என்றார். மூத்த மகனைப் பற்றிய பேச்சு அது. அழவில்லை. சொல்லி முடித்ததும் கேமராவுக்குப் பின்னால் நின்ற யாரையோ பார்த்து, "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார். நான் படத்தை நிறுத்தினேன். ஒரு தடவைகூடப் பின்னால் ஓட்டிக் கேட்காமல் ஆங்கிலத்தில் அடித்தேன்: காலையில் செக்பாயின்ட்டுக்குப் போனான், திரும்பி வரவில்லை, பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சோதனை என்றால் சோதனைச் சாவடி. போர் நடந்த ஊரில் வேறென்ன சோதனை இருக்க முடியும்? அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அப்போது நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. வீடு கீழ்க்கட்டளையில். இலங்கையில் போர்நிறுத்தம் அமலில் இருந்த வருடங்கள் அவை. இந்த முறை உண்மையாகவே முடிந்துவிடும் என்று பலரும் நம்பினார்கள். என் கணவரின் பழைய நண்பர் ஒருவர் ஆவணப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். அவரை இயக்குநர் என்றே சொல்லிவிடுகிறேன். அந்தத் தீவின் சண்டையைப் பற்றி ஏற்கெனவே இரண்டு படங்கள் எடுத்திருந்தார். "முதல் ரெண்டுலயும் சண்டையக் காமிச்சேன் மேடம். இதுல சண்டைய நிறுத்தப் பாக்குறவங்களக் காமிக்கப்போறேன்" என்று சொல்லித்தான் மூன்றாவது படத்துக்கு என்னைக் கூப்பிட்டார். பாதியை அங்கே போய் எடுத்திருந்தார். மீதியை இங்கே புறநகர்களில் வாடகைக்கு இருந்தவர்களிடம் எடுத்திருந்தார். சிங்களவர், தமிழர் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் என்பதால் ஆங்கில சப்டைட்டில் இல்லாமல் முடியாது. பெருங்களத்தூரில் புதிதாக முளைத்த அடுக்குமாடி ஒன்றின் இரண்டாவது தளத்தில், ஒரு படுக்கையறைதான் எடிட்டிங் அறை. ஜன்னலைச் சாத்தினாலும் ஜி.எஸ்.டி. சாலையின் ஹாரன் உள்ளே வந்துவிடும். பள்ளி விட்டதும் பஸ் பிடித்துப் போய் ஏழு மணிவரை உட்காருவேன்.

என் தமிழின் மேல் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பிறர் எழுதியதில் பிழை பிடிப்பதே பிழைப்பாகிப் போனதால், கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சிவப்புப் பேனாவோடு படிக்கிற ரகம் நான். எடிட்டர் தாம்பரத்துக்காரர். "இன்னா மேடம், அந்தம்மா பேசறது ஒண்ணுமே பிரியல. மலையாளமா அது?" என்பார். ஒருநாள் எடிட்டிங் அறைக்கு வந்து அவர் பேசுவதைக் கேட்ட அந்தப் பெண்மணியோ, "அந்தத் தம்பி தெலுங்கோ?" என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார். இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரே பெருமை. ஒரு நோட்டுப் போட்டுப் புரியாத சொற்களை எல்லாம் குறித்து வைத்தேன். கதைப்பது என்றால் பேசுவது, வெளிக்கிடுவது என்றால் கிளம்புவது, ஆறுதலாக வா என்றால் மெதுவாக வா. நாலு பக்கம் நிறைந்தது. அந்த நோட்டில் 'சோதனை' இல்லை. தெரியாத சொல் யாரையும் ஏமாற்றாது. அகராதியைத் தேட வைக்கும், கேட்க வைக்கும். தெரியும் என்று நினைத்த சொல்தான் என்னைக் கவிழ்த்தது.

அவர் ஊரில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். டீச்சரை அவர்கள் 'ரீச்சர்' என்பார்கள். நான் அவரை ரீச்சர் என்றேன். அவரும் என்னை ரீச்சர் என்றார். மூத்த மகன் காணாமல் போன பிறகு, சிகிச்சைக்கென்று இங்கே வந்து தங்கிவிட்டார். பெருங்களத்தூரில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷன். அக்கம்பக்கத்து அடுக்குமாடிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். கணவரும் இளைய மகனும் அங்கேயே இருந்தார்கள். படத்தில் பேச அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "ஒருத்தரையும் பேர் சொல்லிக் கதைக்க மாட்டன். இந்தப் பக்கத்தையும் சொல்ல மாட்டன், அந்தப் பக்கத்தையும் சொல்ல மாட்டன்." இயக்குநர் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்பந்தத்தை ரீச்சர் எவ்வளவு கவனமாகக் காப்பாற்றினார் என்பது எழுதி எடுக்கும்போதுதான் தெரிந்தது. வந்தினம், கேட்டினம், எரிச்சினம், கொண்டு போட்டினம் என்று முக்கால் மணி நேரமும் எழுவாய் இல்லாமலே பேசியிருந்தார். யார் வந்தார்கள், யார் எரித்தார்கள் என்பது எங்கேயும் இல்லை. தமிழ் அதற்கு இடம் கொடுக்கிறது. நான் அதை ஒரு அழகாக ரசித்தேனே தவிர, அதற்குள் எத்தனை பயம் இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

படம் முடிந்ததும், அதில் பேசியவர்களுக்கும் நண்பர்களுக்கும் மட்டும் ஒரு ஞாயிறு மதியம் போட்டுக் காட்டினோம். தாம்பரத்தில் ஒரு காலனியின் சங்கக் கட்டடம். ஜன்னல்களில் போர்வைகளைக் குத்தி இருட்டாக்கியிருந்தார்கள். மின்விசிறிச் சத்தத்தில் பாதி வசனம் கேட்கவில்லை. எல்லாரும் என் ஆங்கிலத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் வேண்டுமென்றே ரீச்சருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாராட்டுவார் என்ற ஆசைதான். அந்த ஒன்பது விநாடி வந்தது. ஹாலில் ஒரு செருமல்கூட இல்லை. முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ரீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து, அவர் கையை நானும் தட்டிக்கொடுத்தேன். பிடி விடவே இல்லை. படம் முடிகிறவரை விடவில்லை.

விளக்கைப் போட்டதும் கேட்டார். "ரீச்சர், இங்கிலீசு எழுதினது ஆர்?"

"நான்தான்."

"நான் சாவடி எண்டு சொல்லேல்லையே. சோதினை எண்டு சொன்னனான். பரீட்சை. உங்கடை பத்தாம் வகுப்பு மாதிரிப் பரீட்சை எழுதப் போனவன்."

தினமும் பரீட்சை வைக்கிறவள், பரீட்சை மேற்பார்வை பார்க்கிறவள், நான் அந்தச் சொல்லைக் கோட்டை விட்டிருந்தேன். தப்பாகிவிட்டது, மாற்றிவிடுகிறேன் என்று தடுமாறினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் ஒருத்தரையும் சொல்லேல்லை. நீங்கள் சொல்லிப்போட்டியள்" என்றார். பிறகு மெதுவாக, "என்ரை மனுசனும் சின்னவனும் ஒவ்வொரு நாளும் ஒரு சாவடியைத் தாண்டித்தான் போய் வருகினம். அங்கை நிக்கிறவைக்கும் இங்கிலீசு வாசிக்கத் தெரியும்" என்றார். அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. படத்தின் ஒரு டிஸ்க் ஏற்கெனவே கொழும்பு போய்விட்டிருந்தது.

சமாதான முயற்சிகளில் இருந்த ஒரு பாதிரியார் வெள்ளிக்கிழமையே அதை வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். நாங்கள் அவரை ஃபாதர் என்போம். புதன்கிழமை மாலை, இரு மொழிக்காரர்களும் வருகிற ஒரு கூட்டத்தில் போடுவதாகத் திட்டம். இயக்குநரை அந்த ஹாலிலேயே ஓரங்கட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. படம் எடுக்கிறவர், அவ்வளவுதான். "மேடம், ஒரு வேர்டு. அந்த ஒரு லைன்லதான் ஹாலே அமைதியாச்சு, பாத்தீங்கல்ல? ரெண்டாவது பிரின்ட்ல மாத்திக்கலாம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில், மாற்றாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள், நானே ஃபாதரைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்கிறேன் என்று கத்திவிட்டேன். உண்மையில் அந்தக் கோபம் பாதிக்கு மேல் என் மேல்தான். அவர் முகம் சுருங்கிப் போனது. திங்கட்கிழமை காலையிலிருந்து ஃபாதர் தங்கியிருந்த இடத்துக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

அன்று நாலு மணிக்குப் பள்ளி வாசலில் ரீச்சர் குடையோடு நின்றிருந்தார். "கிடைச்சவரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். இருவரும் பஸ் நிலையம்வரை நடந்தோம். என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று மனம் கெஞ்சியது. அவர் திட்டவில்லை. வழியில், உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்று விசாரித்தார். செவ்வாய் மதியம் ஃபாதர் கிடைத்தார். கூட்டத்தில் போடுவதில்லை என்று உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் கொழும்பு போய் இறங்கிய அன்றைக்கே தெரிந்தவர்கள் ஐந்தாறு பேருக்குக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டிவிட்டாராம். "எல்லாரும் அழுதுட்டாங்களாம் மேடம்" என்று இயக்குநர் போனில் சொன்னார். அன்றும் நாலு மணிக்குப் பள்ளி வாசலில் வந்து நின்ற ரீச்சரிடம் அதை நான் சொல்ல வேண்டியிருந்தது. ரீச்சர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவை எந்த ஊர் ஆக்கள்?" எனக்குத் தெரியவில்லை. ஃபாதரிடம் கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

புதன்கிழமை எடிட்டிங் அறையில் திருத்த உட்கார்ந்தோம். செக்பாயின்ட்டை எடுத்துவிட்டு எக்ஸாம் என்று போட்டேன். இப்போது சரியான மொழிபெயர்ப்பு. எந்த அகராதியும் குறை சொல்ல முடியாது. போட்டுக் காட்டினோம். ரீச்சர் திரையைப் பார்த்தபடியே, "இதுவும் வேண்டாம்" என்றார். இயக்குநர் கையை விரித்தார். "நீங்க சொன்னதத்தானம்மா போட்டிருக்கோம்." ரீச்சர் கணக்குப் போர்டு முன்னால் நிற்பது போல நிதானமாக விளக்கினார். அந்த வருடம் பரீட்சை நடந்தது ஒரே இடத்தில். அதற்குப் போக ஒரே வழி. அந்த வழி அப்போது யார் கையில் இருந்தது என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். "சாவடி எண்டு எழுதினா ஒரு பக்கம் கேக்கும், ஏன் எங்கடை மேலை பழி போடுறாய் எண்டு. பரீட்சை எண்டு எழுதினா மற்றப் பக்கம் கேக்கும். ஒரு பக்கத்திலை என்ரை மனுசனும் சின்னவனும். மற்றப் பக்கத்திலை, உயிரோடை இருந்தால், பெரியவன்."

"அப்ப கேமராவுல ஏம்மா சொன்னீங்க?" என்றார் இயக்குநர்.

"வாய் தவறிச் சொல்லிப்போட்டன். ஆனா தமிழிலை அது பரவாயில்லை. ஆராவது வந்து கேட்டால், நான் மற்றதைத்தான் சொன்னன் எண்டு ரெண்டு பக்கமும் சொல்லலாம். இங்கிலீசிலை அந்த வசதி இல்லை."

இருபது வருடம் இரண்டு மொழியையும் கட்டி மேய்த்தவள் நான். அந்த ஒற்றைச் சொல்லின் இரண்டு அர்த்தத்துக்கு நடுவில் ஒரு குடும்பம் ஒளிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. கடைசியில் இப்படி எழுதினேன்: காலையில் வீட்டிலிருந்து கிளம்பினான், திரும்பி வரவில்லை. ரீச்சர் இரண்டு முறை படித்துவிட்டுத் தலையசைத்தார். இயக்குநருக்குத் தாங்கவில்லை. எங்கே போனான் என்பதே இல்லாமல் இந்த வரி செத்துப்போகிறது, படத்துக்கு உயிரே இதுதான் என்று வாதாடினார். ரீச்சர் அவரை இரக்கத்தோடு பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "உங்களுக்குப் படத்துக்கு உயிர் வேணும். எனக்குப் பிள்ளையளுக்கு" என்றார். எடிட்டர் யாரையும் கேட்காமல் அந்த வரியைச் சேமித்து, பழையதை அழித்துவிட்டு, "அவ்ளோதான் சார், முட்ஞ்சிச்சி" என்று எழுந்து டீ குடிக்கப் போனார்.

ஆனால் கொழும்பில் ஐந்தாறு பேர் பார்த்தது பார்த்ததுதான். ஒவ்வொரு ஞாயிறும் காலை பதினொரு மணிக்கு ரீச்சரின் கணவர் ஊரிலிருந்து, கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர் எண்ணுக்குப் போன் செய்வார். அந்த ஞாயிறு நானும் போய் ரீச்சரோடு கீழே உட்கார்ந்திருந்தேன். பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. வீட்டுக்கார அம்மா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்களுக்குக் காபி கொடுத்தார். பன்னிரண்டு மணிக்கு ரீச்சர் போனை எடுத்து, டயல் டோன் வருகிறதா என்று பார்த்துவிட்டு, பதறிப்போய் உடனே வைத்தார். அந்த நேரத்தில்தான் கூப்பிட்டிருப்பாரோ என்ற பயம். ஒரு சொல்லை நினைத்து என் வாழ்நாளில் நான் அவ்வளவு பயந்ததில்லை. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் மணி அடித்தது. ரீச்சர் ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார். சின்னவனோடும் பேசினார் போல, குரல் மாறியது. வைத்துவிட்டு என்னிடம், "கரண்ட் இல்லையாம். போன் கடை திறக்கப் பிந்திப்போச்சாம்" என்றார். பிறகு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் அழுது நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

படம் பல ஊர்களில் ஓடியது. அந்த வரியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. போர்நிறுத்தம் இன்னும் உயிரோடு இருந்தபோதே, ஒரு வருடம் கழித்து, ரீச்சர் ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தார். திருச்சிப் பக்கம் முகாமில் இருந்த உறவினர்களோடு சேர்ந்து போவதாக ஏற்பாடு. பெருங்களத்தூர் நிறுத்தத்தில் பஸ் ஏற்றிவிடப் போனேன். பொங்கலுக்கு முந்தின வாரம். தெற்கே போகிற கூட்டம் சாலையையே அடைத்துக்கொண்டிருந்தது. கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் ரீச்சர் என் தோளைப் பிடித்து இழுத்துக் காதருகே வந்தார். "ஒருக்காச் சொல்லுறன். எழுவாயோடை. என்னைத் தவிர இன்னொரு ஆளுக்கும் தெரிஞ்சிருக்க வேணும். எனக்கு ஏதும் எண்டால் அந்த வசனம் இல்லாமல் போயிடும்" என்றார். சொன்னார். யார் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதும், அதில் அவருக்குத் தெரிந்த ஒருவரின் பெயரும் அந்த வாக்கியத்தில் இருந்தன. "நான் சொல்லச் சொல்லுற வரைக்கும் சொல்ல வேண்டாம்" என்று பஸ்ஸில் ஏறினார்.

இரண்டு கடிதங்கள் வந்தன. சின்னவன் உயரமாகிவிட்டான் என்று ஒன்றில் எழுதியிருந்தார். பிறகு போர் மறுபடி தொடங்கியது. அது முடிந்த விதம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களிடம், தெரியாதவர்களிடம், ஃபாதரிடம் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். ரீச்சரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் பட்டியல்களில் அவர் பெயரைத் தேடியிருக்கிறேன்; கிடைக்காதபோது நிம்மதியாக இருந்ததா, ஏமாற்றமாக இருந்ததா என்று எனக்கே சொல்லத் தெரியாது.

நான் ஓய்வு பெற்றாயிற்று. யாரோ அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றியிருப்பதாக என் பழைய மாணவி ஒருத்தி சுட்டி அனுப்பினாள். படத்தைவிடக் கீழே இருந்த சண்டைதான் நீளம். எல்லாம் அந்த ஒன்பது விநாடியைப் பற்றி. இங்கிருந்து எழுதுகிறவர்கள், சோதனை என்றால் சாவடி, அவர்கள்தான் பிடித்தார்கள் என்கிறார்கள். அங்கிருந்து எழுதுகிறவர்கள், சோதனை என்றால் பரீட்சை, தமிழ் தெரியாமல் பேசாதீர்கள், இவர்கள்தான் பிடித்தார்கள் என்கிறார்கள். பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள். நான் இங்கே எழுதுவதில் படத்தின் பெயர் இல்லை, ஊர் இல்லை, அந்த வழி எது என்பது இல்லை. அங்கே அவர் முகம் இருக்கிறது. நாற்பது பின்னூட்டங்களுக்கு நடுவில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்த அம்மா எங்கே போனான் என்று தெளிவாகச் சொல்கிறார். சப்டைட்டிலில் அந்தச் சொல்லையே காணோம். இதை மொழிபெயர்த்தவருக்குத் தமிழே தெரியாது போலிருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

இரண்டு நாள் அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்? கை பரபரத்தது. மூன்றாம் நாள் காலை உட்கார்ந்து பதில் எழுதினேன். "மொழிபெயர்த்தது நான்தான். அந்தச் சொல் எனக்கு அப்போது விளங்கவில்லை. மன்னிக்கவும்." ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். இன்னொருவர், இந்த மாதிரி ஆட்களிடம் கொடுத்தால் இப்படித்தான் என்று எழுதினார். இருக்கட்டும். எங்கேயாவது உயிரோடு இருந்து ரீச்சர் அதைப் படித்தால், நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.